பருவைவிட அந்த க்ரீம்தான் எனக்குக் கவலை

கேள்வி சுருக்கமாக இதுதான்: வயது 27. வேளச்சேரியில் நண்பர்களோடு ரூம், ஓ.எம்.ஆரில் வேலை, தினமும் பைக். மூன்று மாதமாக ஆணுறுப்பின் அடிப்பகுதியிலும் விதைப்பையிலும் பரு பருவாக வருகிறது. சிலவற்றில் சீழ் இருக்கிறது. ஷேவ் செய்தால் அதிகமாகிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அமுங்கிவிடுகிறது, விட்டால் திரும்ப வருகிறது. தை மாதம் கல்யாணம். இது எச்.ஐ.வி.யாக இருக்குமா? வராமல் தடுக்க என்ன வழி?

தம்பி, நான் தோல் மருத்துவன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சென்னை வேர்வையோடுதான் பிழைப்பு. நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என்னை உறுத்தியது அந்த க்ரீம்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது கண்ணில் படுகிறதா? பட்டால் அது ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று மூன்று நான்கு மருந்தைக் கலந்திருப்பார்கள். எது வந்தாலும் கேட்கும் என்ற கணக்கு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கிவிடும். அதனால்தான் இரண்டு நாளில் 'நல்ல க்ரீம்' என்று பெயர் வாங்குகிறது. உள்ளே இருக்கும் கிருமியை அது தொடுவதில்லை. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடுவதால் கிருமிக்குத்தான் வசதி. நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும்.

முகத்திலும் கையிலும் போடுவதற்கும் இங்கே போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் பல இடங்களில் தடவி, எந்தத் தோல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பார்த்தார்கள். முன்கையின் உட்புறத்தைப்போல 42 மடங்கு உறிஞ்சியது விதைப்பைத் தோல். கையில் ஒரு சொட்டுப் போட்டால் என்ன ஆகுமோ அதைப் பல மடங்காக்கிப் பாருங்கள். தோல் மெலியும், எப்போதும் சிவந்து எரியும், உள்தொடையில் கோடு கோடாகத் தழும்பு விழும். அந்தக் கோடுகள் அப்புறம் போகவே போகாது. ஸ்டீராய்டே புதிதாகப் பருக்களைக் கிளப்பிவிடுவதும் உண்டு. இது இவ்வளவு பெரிய தலைவலியாகிப்போனதால்தான் 2018இல் மத்திய அரசு இந்த வகைப் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலின் கீழ் இறுக்கியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே அதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஒன்றிரண்டு வாரம் சிவந்து எரியலாம். 'ஐயோ, நோய் முற்றிவிட்டது' என்று பயந்து மறுபடியும் ட்யூபைத் தேடாதீர்கள். இப்படித்தான் பலர் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். தாங்க முடியாத அளவுக்கு எரிந்தால் மருத்துவர் வேறு மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்.

சரி, அந்தப் பரு என்ன?

ஷேவ் செய்தால் கூடுகிறது, முடி இருக்கும் இடத்தில் வருகிறது, நுனியில் சீழ் தெரிகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மயிர்க்கால் அழற்சிக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முடியும் ஒரு சின்னக் குழியிலிருந்து வருகிறது. ரேசர் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் போட, தோலில் சும்மா இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே இறங்கிவிடுகிறது. இதுவே ஆழமாகப் போனால் வேனல் கட்டி. அந்தப் பகுதி முடி சுருள் முடி என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்டச் சிரைத்த முடி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். அதில் கிருமியே இருக்காது, ஆனாலும் பார்க்கப் பரு மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும்.

'சூடு' என்று நம் வீட்டில் சொல்வதையும் நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். மாம்பழம் தின்றதால் கட்டி வருவதில்லை. ஆனால் மாம்பழக் காலமும் கத்திரி வெயிலும் ஒன்றாக வருகின்றன, வேர்வை கட்டியைக் கொண்டுவருகிறது, பழி மாம்பழத்தின் மேல் விழுகிறது.

என்னிடம் வரும் இளைஞர்களில் பலருக்கு நோயே இருக்காது. ஆணுறுப்பின் தண்டுத் தோலை இழுத்துப் பிடித்தால் ரவையைத் தூவினாற்போல வெளிர் மஞ்சளாகப் பொடிப் பொடியாகத் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1896இல் எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே ஃபோர்டைஸ் புள்ளிகள் என்கிறோம். மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ முத்துக் கோத்த மாதிரி சின்னச் சின்ன முளைகள் இருந்தால் அதுவும் உடம்பின் அமைப்புதான், வயதாக ஆக மங்கிவிடும். இவற்றைக் கிள்ளியும் சுரண்டியும் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களுக்கு நான் அந்தக் கிள்ளிய புண்ணுக்குத்தான் மருந்து எழுதுகிறேன். வயதான ஆண்களுக்கு விதைப்பையில் ஊதாச் சிவப்பில் பொட்டுப் பொட்டாக வரும். சொறிந்தால் ரத்தம் கசியும், மற்றபடி அதுவும் பயமில்லை. விதைப்பைத் தோலில் வெள்ளையாக, கெட்டியாக, உருட்டினால் தோலோடு சேர்ந்தே நகரும் உருண்டைகள் நீர்க்கட்டி வகை. தொந்தரவு தந்தால் மட்டும் எடுத்தால் போதும். ஆனால் கட்டி தோலில் இல்லாமல் உள்ளே விதையிலேயே கெட்டியாகத் தட்டுப்பட்டால், வலியே இல்லாவிட்டாலும், உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். விதைப் புற்றுநோய் இளவயதில்தான் அதிகம் வரும்.

கவனிக்க வேண்டியவை வேறு. பருவின் நடுவில் தொப்புள் மாதிரி குழி விழுந்து, அழுத்தினால் வெள்ளையாகச் சோற்றுப் பதத்தில் ஏதோ வந்தால் அது மொலஸ்கம் என்ற வைரஸ். உடலுறவிலும் பரவும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் பரவும். ஷேவ் செய்தால் ரேசர் போன பாதையெல்லாம் விதைத்துவிட்டுப் போகும். காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்பாக வளர்ந்தால் மரு. அதற்குக் காரணம் எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகள். எரிச்சலோடு கொத்தாக நீர்க் கொப்புளம் வந்து உடைந்து புண்ணானால் ஹெர்ப்பிஸ். நம் ஊரில் கொத்தாக எது வந்தாலும் அக்கி என்று சொல்லிச் செம்மண் எழுதக் கூட்டிப்போவார்கள். விலாவில் பட்டையாக வரும் அக்கி வேறு வைரஸ், இது வேறு. இதற்கு மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும்.

நான் அதிகம் பயப்படுவது வலிக்காத புண்ணுக்குத்தான். தனியாக ஒரு புண், அடியில் கெட்டியாக, வலியே இல்லாமல், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் சிஃபிலிஸாக இருக்கலாம். உறவு கொண்ட மூன்று வாரத்தில் வருவது வழக்கம், 90 நாள் வரை கூடத் தள்ளிப்போகலாம். மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். அதுதான் அதன் தந்திரம். ஆறியது புண் மட்டும், கிருமி ரத்தத்தில் இருக்கும். வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனையும் பென்சிலின் ஊசியும் போதும், முழுக்கக் குணமாகும்.

ராத்திரியில் அரிப்புத் தாங்கவில்லை, விரல் இடுக்கிலும் இருக்கிறது, ரூமில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. விதைப்பையில் மொச்சை மொச்சையாகத் தடிக்கும். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து கால் வரை தடவி, 8 முதல் 12 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. ரூமில் இருக்கும் எல்லோரும் அதே நாளில் போட வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இது ஒருவரோடு நின்றதை நான் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் போட்டுக்கொண்டு, 'மருந்து வேலை செய்யவில்லை டாக்டர்' என்று வருவார்.

எச்.ஐ.வி. பற்றிக் கேட்டீர்கள். அந்த வைரஸுக்கு அடையாளமாக அங்கே பரு என்று ஒன்று கிடையாது. பரு இருப்பதால் எச்.ஐ.வி. இருக்கிறது என்றும் ஆகாது, பரு இல்லாததால் இல்லை என்றும் ஆகாது. பாதுகாப்பில்லாத உறவு எப்போதாவது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம். இருந்திருந்தால் கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும். இலவசம், ரகசியமாகவே வைப்பார்கள். போவதற்கு முன் பேசித் தெரிந்துகொள்ள 1097 என்ற எண்ணும் இருக்கிறது.

இனி மயிர்க்கால் அழற்சிக்கு வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் ரேசரைக் குறைந்தது நாலு வாரம் மூட்டை கட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே அடங்கிவிடும். சுத்தமான துணியைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பத்து நிமிஷம் ஒற்றடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. விதைப்பைத் தோல் மெல்லியது, வாணலியில் காய்ச்சிய உப்பு ஒற்றடம் எல்லாம் அங்கே வேண்டாம். கட்டி தானாகப் பழுத்து முளை வெளியே வரட்டும், பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழில் பாதி வெளியே வரும், பாதி உள்ளே போகும். கடலை அளவுக்கு மேல் பெரிதாகி மெதுமெதுவென்று ஆகிவிட்டால் மருத்துவர் சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார், அன்றிரவே நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒன்றிரண்டு சீழ்ப் பருவுக்கு மியூப்பிரோசின் 2 சதவீத ஆயின்மென்ட் ஐந்து முதல் ஏழு நாள் எழுதுவோம். நிறைய இருந்தால் மாத்திரை. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மூன்று நாளில் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. மாதாமாதம் திரும்பி வந்தால் மூக்குக்குள் கிருமி குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமார் 30 சதவீதம் பேருக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் மூக்கில் சத்தமில்லாமல் வாழ்கிறது. மூக்கை நோண்டிய கை கீழே போகிறது, அவ்வளவுதான் சங்கதி. அவர்களுக்கு மூக்கின் உள்ளேயும் மருந்து தடவச் சொல்வோம்.

முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு முடிப்பகுதிக்கு மருத்துவர் சொன்னால் சரி. விதைப்பையிலும் மொட்டிலும் பட்டால் எரிந்து தொலைக்கும், ஜட்டியும் துண்டும் வெளுத்துப்போகும். பற்பசை, சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் கலக்காத கிருமிநாசினி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப்போட்டுத் தோல் வெந்துபோய் வந்த ஒருவர், கட்டி என்னவோ உடைந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். மஞ்சளும் வேப்பிலையும் அவ்வளவு கொடுமை செய்யாது என்றாலும், உடைந்த தோலில் அரைத்துப் பூசினால் அழுக்கைத்தான் பூசுகிறீர்கள்.

தடுப்பதில் முக்கியம் முடியும் வேர்வையும்தான்.

அந்த முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. தோலோடு தோல் உரசாமல் காப்பதே அதுதான். வேண்டுமென்றால் ட்ரிம்மரில் ஒரு கால் சென்டிமீட்டராவது விட்டுக் கத்தரியுங்கள். ரேசர்தான் என்று பிடிவாதமானால், குளித்து முடி நனைந்து மெத்தென்று ஆன பிறகு, புது ப்ளேடால், முடி வளரும் திசையில், தோலை இழுத்துப் பிடிக்காமல். எதிர்த்திசையில் வழித்தால் அன்றைக்கு மழமழவென்று இருக்கும், நாலாம் நாள் கேளுங்கள் சேதி. நண்பரின் ரேசர் கூடவே கூடாது. முடி நீக்கும் க்ரீமை விதைப்பையில் போட்டு வெந்துபோய் வருபவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. அந்த டப்பாவிலேயே அங்கே போடாதே என்று எழுதியிருக்கும்.

வேர்வைக்கு வருவோம். வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆர். வரை ஜீன்ஸ் போட்டு, காய்ந்த ரெக்சின் சீட்டில், ஒரு மணி நேரம். பிறகு ஏ.சி.யில் எட்டு மணி நேரம் அதே ஜட்டி. இதைவிடக் கிருமிக்கு வேறு என்ன வேண்டும்? தொளதொளவென்ற பருத்தி ஜட்டி, முடிந்தால் பையில் இன்னொன்று, ஆபீஸ் போனதும் மாற்றிக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கலாம், கோடையில் நான் அப்படித்தான் செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு குளியல். அப்புறம் லுங்கியோ வேட்டியோ, உள்ளே ஒன்றும் வேண்டாம். இரவு முழுக்கக் காற்றுப் பட்டாலே பாதி வைத்தியம். குளித்ததும் தொடை இடுக்கை ஒற்றித் துடையுங்கள், அதற்கென்று தனித் துண்டு இருக்கட்டும். பவுடர் கொட்டாதீர்கள், வேர்வையோடு சேர்ந்து மாவாகிவிடும். தேங்காய் எண்ணெயும் இந்த இடத்தில் மயிர்க்காலை அடைக்கும்.

சோப்பைத் தேய்தேய் என்று தேய்ப்பதும் தவறு. ஒரு நாளைக்கு ஒரு முறை, மென்மையான சோப்பு. நம் போர்த் தண்ணீரில் சோப்பு லேசில் போகாது, நன்றாக அலச வேண்டும். துவைக்கும் பவுடரும் அப்படியே, ஜட்டியில் தங்கினால் அரிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில்தான் கஷ்டம். ரூமுக்குள் கொடி கட்டிக் காயவைத்தது அரை ஈரத்தோடு இருக்கும், அவசரத்தில் மாட்டிக்கொண்டு போவோம். இஸ்திரிப் பெட்டியை ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள்.

வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துச் செதில் செதிலாக அரித்தால் அது படர்தாமரை. அதில் ஸ்டீராய்டு போட்டு, மேலே ஷேவும் செய்தால் பூஞ்சை மயிர்க்காலுக்குள்ளேயே இறங்கிவிடும். பரு போலவே தெரியும், பூச்சு மருந்துக்குக் கேட்காது, மாதக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டும். உங்கள் கதையில் எனக்கு இந்தச் சந்தேகமும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சர்க்கரை பாருங்கள். 27 வயதுதானே என்று நினைக்க வேண்டாம். அடிக்கடி கட்டி, முன்தோல் சிவந்து வெடிப்பு என்று வந்தவர்களுக்கு நான்தான் முதலில் சர்க்கரை இருப்பதைச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் அப்பா வயதுக்காரர்களுக்கு ஒன்று: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. நல்ல மருந்துகள்தான், ஆனால் அந்தச் சர்க்கரையில் பூஞ்சைக்கு விருந்து. சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தால் போதும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறிக் கட்டி வந்து, தோலுக்கடியில் சுரங்கம் போல ஓடினால் அது தனி நோய். சிகரெட்டும் உடல் பருமனும் அதைக் கிளறிவிடும்.

ஒன்றுக்கு மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. விதைப்பை வேகமாக வீங்கி, பார்ப்பதற்கு இருப்பதைவிட வலி பல மடங்கு அதிகமாகி, காய்ச்சல், நாற்றம், தோல் கறுப்பது என்று வந்தால் 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது உயிரை எடுக்கும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். மயிர்க்கால் அழற்சி பால்வினை நோய் இல்லை, அதற்காகத் தேதியைத் தள்ள வேண்டாம். சீழ் இருக்கும்வரை துண்டு, சோப்பு தனியாக இருக்கட்டும். மரு, மொலஸ்கம், ஹெர்ப்பிஸ் என்று தெரிந்தால் விஷயம் வேறு. ஆணுறை மூடாத தோலிலிருந்தும் அவை பரவும், அதனால் மருத்துவரிடம் மறைக்காமல் பேசிவிட்டுத்தான் மேற்கொண்டு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ரேசரைக் கையில் எடுக்காதீர்கள். மறுவாரம் என் க்ளினிக்கில் வந்து நிற்கும் புது மாப்பிள்ளைகள் எல்லோரும் அந்த ரகம்.

யாரிடம் காட்டுவது என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. 'மேகநோய், ரகசிய நோய்' என்று பேப்பரில் நோட்டீஸ் வைத்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காருபவர்களிடம் போய்ப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் பட்டமே டி.வி.எல்., அதாவது தோல், பால்வினை, தொழுநோய் மூன்றுக்கும் சேர்த்துப் படித்தது. நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறோம், உங்களுடையது ஒன்றும் புதுசு இல்லை. காசு செலவழிக்க முடியாது என்றால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் காலையில் புறநோயாளிப் பிரிவு உண்டு. பால்வினைப் பிரிவில் சுகவாழ்வு மையம் என்று கேட்டால் காட்டுவார்கள்.

போவதற்கு முதல் நாள் ஷேவ் செய்துவிட்டு, மருந்து தடவி அமுக்கிவிட்டு வராதீர்கள், எங்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இதுவரை போட்ட ட்யூபுகளை, காலியானதாக இருந்தாலும், ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.